மூன்று பிரதி இருந்தும் போதாது

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குக் குரல்தான் சொத்து. அந்தச் சொத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், "சர்வரில்" என்று சொல்லிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். எங்கள் நிலையத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் ஒரே ஃபோல்டர்தான் தெரியும். பெண்டிரைவோடு மாடிப்படியில் ஓடுவது நின்று பல வருடமாகிறது.

இந்தச் சேமிப்பு முறைக்குப் பெயர் செஃப். கலிஃபோர்னியாவில், சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கியது. கணவாய் இனத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்தார்கள். ஆமாம், நம் ஊர் சோத்தோங்தான்! 2010இல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இதற்கான பகுதி சேர்ந்தது. 'மவுண்ட்' கட்டளை ஒன்று போதும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது சொந்த டிஸ்க் போலவே தெரியும்.

கோப்பைப் பொதுவாக 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு இயந்திரங்களில் வைப்பார்கள். வழக்கமாக மூன்று பிரதி. எந்தத் துண்டு எங்கே என்று பேரேட்டில் தேடுவதில்லை. நம் கணினியே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். ஓர் இயந்திரம் படுத்தாலும் ஒலிபரப்பு நிற்காது.

ஆனால் அழி என்றால் மூன்றுமே அழியும்.

தோட்ட வாழ்க்கை பற்றிய தொடருக்காக ஒரு பாட்டியிடம் பேசினேன். பால்மரம் வெட்டிய காலத்தை நாற்பது நிமிடம் சொன்னார். ஒலியேறியது பன்னிரண்டு நிமிடம். பாட்டி தவறிய பிறகு பேத்தி அழைத்தார்: "அக்கா, பாட்டி பேசினது முழுசும் இருக்கா? வீட்ல அவங்க குரலே இல்ல."

தேடினால் ஃபோல்டரே இல்லை. இடம் போதவில்லை என்று யாரோ துப்புரவு செய்திருந்தார்கள்.

தொழில்நுட்பப் பிரிவுத் தம்பி அலட்டிக்கொள்ளவில்லை. 'டாட் ஸ்னாப்' என்று தட்டினார். பட்டியலில் தெரியாத ஃபோல்டர் அது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் திறக்கும். குறித்த நாளில் ஃபோல்டர் இருந்த நிலை உள்ளே அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அவர் ஏற்கெனவே அமைத்திருந்தார். நாற்பது நிமிடமும் கிடைத்தது.

"இதுவும் அதே டிஸ்க்குலதான்க்கா இருக்கு. கட்டடத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாமே போயிரும்" என்று சொல்லி, வெளியே வைக்க இன்னொரு பிரதி எடுத்தார்.

பேத்திக்கும் அனுப்பினேன். இரவு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "அம்மா மூணாவது தடவையா கேட்டுக்கிட்டிருக்காங்க."

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் எத்தனை இடத்தில் இருக்கிறது?