தற்செயலும் கவனமும்



சென்னீர்குப்பத்தில் நம் ஆராதனைக்கு வரும் சகோதரர் ஒருவர் மூன்று மாதங்களாக இருமிக்கொண்டிருந்தார். தொழிற்கூடத்துத் தூசிதான் காரணம் என்று அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன். ஞாயிறுதோறும் அவர் தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். "எத்தனை நாளாய் இருமல்?" என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. கடைசியில் அவருடைய மகள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு வெண்ணிழல். சளிப் பரிசோதனை அது காசநோய் என்று உறுதி செய்தது. அவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, என் கவனக்குறைவையும் அதில் கண்டேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதிர் மனிதனுக்குத் தெரியவந்த வரலாற்றைச் சிந்தித்துப் பாருங்கள். 1895 நவம்பர் 8 அன்று, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தம் இருண்ட ஆய்வறையில் மின்னிறக்கக் குழாய் ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடிவைத்துச் சோதித்தார். சற்றுத் தொலைவில், வேதிப்பொருள் பூசிய திரை ஒன்று மங்கலாய் ஒளிர்ந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் கண்டபின் விட்டுவிடவும் இல்லை. ஏறக்குறைய ஏழு வாரங்கள் அதையே ஆராய்ந்தார். டிசம்பர் 22 அன்று, தம் மனைவியின் கை எலும்புகளையும் மோதிரத்தையும் படமாக்கினார்.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1890இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குட்ஸ்பீட் என்பவரின் ஆய்வறையில் இதே கதிர் புகைப்படத் தகட்டில் பதிந்திருந்தது. காரணம் விளங்காமல் அது ஒதுக்கிவைக்கப்பட்டது. தற்செயல் இருவருக்கும் வந்தது. நின்று பார்த்தவர் ஒருவரே. ராண்ட்ஜன் காப்புரிமை பெற மறுத்ததையும், 1901இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையைத் தம் பல்கலைக்கழகத்துக்கே அளித்ததையும் நாம் மறக்கலாகாது.

அக்கதிரின் பயன் நம் சென்னைக்கும் வந்தது. 1934இல் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியக்க நிலையம் எழுந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்தைத் தவறாமல் உட்கொண்டால், வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சையும் சானடோரிய சிகிச்சைக்கு நிகரான பலன் தரும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களும் அதற்குச் சான்றாயின. நம் சகோதரர் குடும்பத்தைப் பிரியாமல் குணமடைந்தது அந்த வழியில்தான்.

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். முட்செடி எரிந்தது, ஆனால் வெந்துபோகவில்லை. அவன் வழிவிலகி அதைப் பார்க்கச் சென்றான். அவன் பார்க்க வருகிறதைக் கண்ட பின்பே கர்த்தர் அவனைப் பெயர்சொல்லி அழைத்தார்.

அன்பானவர்களே, ஜெபம் கவனத்திற்கு மாற்று அல்ல. உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். வழக்கத்தைவிட மௌனமாயிருப்பவரின் அருகே சற்று நின்று விசாரியுங்கள். நானும் இப்போது கை வைத்து ஜெபிக்குமுன் ஒரு கேள்வி கேட்கக் கற்றுவருகிறேன்.

கடந்துபோகாமல் நின்று பார்க்கும் கண்களைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.