ஆடியில் வந்து இறங்கும் ஐரோப்பா

ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் பள்ளிகளில் நீண்ட விடுமுறை நம்மைப்போல மே மாதத்தில் இல்லை, ஜூலை, ஆகஸ்டில்தான். நம் கணக்கில் அது ஆடி. விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆடி பிறந்ததும், "தம்பி குடும்பத்தோட மதுரையில இறங்கிட்டானாம்" என்று போன் வருவது சகஜம். முன்கூட்டியே சொன்னால் அப்பத்தா ஒரு மாதம் தூங்க மாட்டார் என்றே சொல்லாமல் வந்து நிற்பவர்களும் உண்டு.

ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளிக்கூடம். அண்ணன் பிள்ளைகள் சீருடையோடு கிளம்பிப் போய்விட, வந்த பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும். உடனே வேன் பேசி கொடைக்கானலுக்கு ஓடுவதுதான் வழக்கம். ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் கொடைக்கானல் பெரிய அதிசயமில்லை. அந்தப் பிள்ளை பார்த்தே இராதது, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கரிசல்.

மற்ற ஊர்களில் ஆடிப்பட்டம் என்றால் விதைப்பு. மானாவாரிக் கரிசலில் விதைப்பு பெரும்பாலும் புரட்டாசியில்தான். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. அதனால் ஆடியில் நிலம் சும்மா கிடக்கும். முழங்கை இறங்கும் அளவுக்கு வெடித்தும் கிடக்கும். ஆண்டு முழுக்கப் புல் பச்சையாக இருக்கும் நாட்டிலிருந்து வரும் பிள்ளை, அந்த வெடிப்பில் கையை விட்டுப் பார்க்காமல் நகராது. பூச்சி, பொட்டு கிடக்கும் என்று பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றால் போதும். வெறும் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் இன்னும் நல்லது. நூற்றுக்கணக்கான ஆடுகள் ஓர் இரவு தங்கி உரம் போட்டுப்போவதையும், அதற்குக் கீதாரிக்குக் கூலி உண்டு என்பதையும் நேரில் காட்டலாம். இயற்கை உரம் பற்றி அங்கே பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

இந்த மண்ணிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதிக் கரிசலில் விளைந்த பருத்தி, 'தின்னவேலி' என்ற பெயரில் இங்கிலாந்துச் சந்தையில் விலைபோனது. இன்றைக்கும் நம் வறண்ட காடுகளில் பயிராகும் நிலாவாரை இலை, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகிறது. நம்மவர்கள் இதை அவுரி என்றும் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கு ஜெர்மன் மருந்துக்கடைகளில் விற்கும் சென்னா டீ இந்தச் செடியின் இலைதான். மருந்து நூல்களில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். நித்தியகல்யாணியும் அப்படித்தான். அதிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். சித்தப்பா வீட்டு அலமாரியில் இருக்கும் டீ, பெரியப்பா காட்டு இலையாகக்கூட இருக்கலாம் என்றால் எந்தப் பிள்ளையும் போனைக் கீழே வைக்கும்.

எதிர்த்திசையில் வந்தவை சிவகாசியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் நம் வீட்டுத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்தால் வேறு பிழைப்பில்லாத ஊரில் தீப்பெட்டி பிடித்துக்கொண்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று தொழில் கிளைத்தது. ஹைடல்பர்க் என்ற ஜெர்மன் ஊரின் பெயர் சிவகாசி அச்சகங்களில் அன்றாடம் புழங்கும் சொல். அந்த ஊர் இயந்திரத்துக்கு அதுதான் பெயர். ஜெர்மனியில் வளரும் பிள்ளை அதை எழுத்துக்கூட்டாமல் வாசித்துவிடும். அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். தெரிந்தவர் அச்சகம் இருந்தால் அந்த வாரம் கூட்டிப்போகலாம்.

பட்டாசு ஆலைக்கு மட்டும் கூட்டிப்போகக் கூடாது. "மாமா ஃபோர்மேனா இருக்காரு, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துருவோம்" என்ற பேச்சே வேண்டாம். தீபாவளிக்கான வேலை மும்முரமாக நடக்கும் மாதம் அது. வெயிலும் உராய்வும் மருந்துக்கு எதிரி. 18 வயது நிரம்பாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடியவர்களும் அதில் உண்டு. வெளியே சாலையில் நின்று, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகளைக் காட்டி, ஏன் அப்படிக் கட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும். ஜெர்மனியில் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பது டிசம்பர் கடைசி மூன்று நாள்தான். வீட்டிலிருந்து ஒருவராவது ஆலைக்கு வேலைக்குப் போகும் தெருவில், அந்த வேலைக்குப் போகும் அத்தையே பிள்ளைகளிடம் பேசுவது எந்த ஆலையைச் சுற்றிக் காட்டுவதையும்விட நல்லது.

சிவகாசிக்குப் பக்கத்திலேயே வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகலாம். கூட்டம் நெரிக்கும், சின்னப் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்க முடியாது. ஆடிப்பூரத் தேரோட்டமும் அதே மாதம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்த்த மறுநாள் காலையில் செண்பகத்தோப்புப் பக்கம் போனால், நல்ல நேரம் இருந்தால் சாம்பல்நிற அணில் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்க்கலாம். பூனை அளவு இருக்கும். அதற்காகவே 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அந்தக் காடு புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. ஊரில் இருப்பவர் உழுகிறார், வெளிநாட்டில் இருப்பவருக்கும் பங்கு உண்டு, இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதற்குள் பாதி நிலத்தைச் சீமைக்கருவேல் பிடித்துவிடும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வரும் நிலத்துக்குத் தடையில்லை. பிள்ளைகள் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் வாரிசு உரிமை போய்விடாது. அவர்கள் விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். நேரில் வந்திருக்கும்போதே வாரிசுச் சான்று வாங்கிக் கூட்டுப்பட்டாவுக்கு மனுக் கொடுத்துவிடுவது சுலபம். திரும்பிப் போனபின் என்றால், அங்கே இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் சான்றொப்பமிட்டு அனுப்பி, அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அன்று சாயங்காலமே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலு மூலைக் கல்லையும் ஒரு சுற்று நடந்து காட்டிவிடலாம்.

கிளம்பும்போது பெட்டி கட்டுவதில் ஒரு சங்கடம். புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டுப் பால் பொருட்களுக்கு அங்கே தடை, விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதை இங்கேயே தின்று தீர்க்க வேண்டியதுதான். சாத்தூர் காரச்சேவு தாராளமாகப் போகும். பொட்டலத்தை இரண்டு பாலிதீன் பையில் போட்டுக் கட்டவும், எண்ணெய் துணியில் இறங்கும்.