ஒரு காது இயர்போனும் தாத்தாவின் பறையும்

அரூரிலிருந்து தருமபுரிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைப்பது பெரிய விஷயம். 2018-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அந்த அதிர்ஷ்டம் அவனுக்கு வாய்த்தது. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் ஸ்கிரீன் உடைந்த செல்போன், ஒரு காதில் மட்டும் வேலை செய்யும் இயர்போன். சென்னையில் படிக்கும் நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு யூடியூப் லிங்க் அனுப்பியிருந்தான். `கேட்டுட்டு சொல்லுடா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

முதலில் கிடார் வந்தது. பிறகு டிரம்ஸ். அதற்கடுத்து வந்த சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அது பறை. அவனுடைய தாத்தா அடித்த அதே பறை.

`தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அப்படித்தான் அவனுக்குத் தெரியவந்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் இசைக்கலைஞர்கள், பறைக் கலைஞர்கள் என 19 பேர். 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாதியற்ற தமிழர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த பெயர்.

அன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டுவிட்டான். நண்பனுக்கு என்ன பதில் அனுப்புவதென்றுதான் தெரியவில்லை.

காரணம் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது, `உங்க தாத்தா என்ன வேலை செய்றாரு?' என்று யாராவது கேட்டால், `தோட்ட வேலை' என்றுதான் சொல்வான். ஊரில் சாவு விழுந்தால் முதலில் ஆள் வருவது அவர்கள் வீட்டுக்குத்தான். தாத்தா பறையைத் தூக்கிக்கொண்டு போவார். பணம், கொஞ்சம் அரிசி, சில நாள் வெறும் வசவு. `இனிமே அடிக்க மாட்டேன்' என்று ஒருநாள் பரண்மேல் தூக்கிப் போட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அந்தப் பாட்டுகளை ஸ்பீக்கரில் போட அவனுக்குத் தைரியமும் இல்லை. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. எந்தப் பாட்டை எந்தத் தெருவில் சத்தமாக வைப்பது என்று இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதனால் எல்லாமே இயர்போனில்தான்.

வீட்டில் பங்குக்கு வந்தது தங்கை மட்டும்தான். `அண்ணா, அந்தக்கா பாட்டு போடுண்ணா' என்பாள். அவள் சொன்ன அக்கா, இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் துணிந்து நின்ற பெண். பின்னாளில், 2020-ல், பி.பி.சி-யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, தன் சொந்த அக்காவுக்கே பரிசு கிடைத்ததுபோல தங்கை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேலை செய்யும் ஒரு காதுக்காக இருவரும் போட்ட சண்டைகள் தனிக்கதை.

தாத்தாவுக்கு மட்டும் அவன் போட்டுக் காட்டவில்லை. ஆறு வருடங்கள். ஆறிப்போன புண்ணைக் கிளறிவிடுவோமோ என்ற பயம்.

படிப்பு முடித்து, தருமபுரி இளைஞர்கள் பலரையும்போல பெங்களூருக்கு வேலைக்குப் போனான். 2023 டிசம்பரில் உடன் வேலை செய்தவர் ஒரு வீடியோ காட்டினார். `தி போக்ஸ்' என்ற குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவனின் இறுதிச்சடங்கு. 1982-ல் லண்டனில் தொடங்கிய குழு அது. பிழைக்கப்போன அயர்லாந்துக்காரர்களின் நாட்டுப்பாட்டை எடுத்து, அக்கார்டியன், பாஞ்சோவோடு பங்க் இசையின் கோபத்தையும் சேர்த்துப் பாடியவர்கள். அயர்லாந்தின் நீனா நகரத் தேவாலயத்தில் சவப்பெட்டி இருக்க, அவர்களுடைய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டை இசைக்கிறார்கள். குடும்பத்தினர் எழுந்து ஆடுகிறார்கள்!

சாவு வீட்டில் ஆட்டம். அவனுக்கு அது புதிதா என்ன? கானாவும் சாவு வீட்டில் பாடி வளர்ந்ததுதான். பறையும் அங்கேதான் ஒலித்தது. அங்கே அடித்தவருக்குக் கிடைக்கும் மரியாதை மட்டும்தான் வேறு.

அடுத்த மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். மாட்டுப்பொங்கல் அன்று மதியம் தாத்தா திண்ணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனைக் கழற்றிவிட்டு, செல்போனை அவர் கையில் கொடுத்தான். முதல் மேடையின் வீடியோ.

பறைச் சத்தம் வந்ததும் தாத்தா கேட்ட முதல் கேள்வி: ``யாரு சாவுக்குக் கண்ணு?''

``யாரும் சாவலை தாத்தா. கச்சேரி. ஜனங்க கேக்குறதுக்காக அடிக்கிறாங்க.''

தாத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மேடையில் இருந்தவர்கள் சாம்பல் நிற கோட் அணிந்திருந்தார்கள்.

``கோட்டு போட்டுக்கிட்டா அடிக்கிறானுங்க?''

``ஆமா தாத்தா.''

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாட்டு முடிந்தது. தாத்தா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ``தோலை இன்னும் கொஞ்சம் தீயில காட்டியிருக்கணும். சத்தம் கணீர்னு வரும்'' என்றார். பிறகு, ``திரும்பப் போடு'' என்றார்.

அன்று அந்தத் திண்ணையில் அந்தப் பாட்டு மூன்று முறை ஓடியது, ஸ்பீக்கரில். தெருவில் போன ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தா சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் தங்கை ஓடிவந்து சொன்னாள்: ``அண்ணா, தாத்தா ஏணியை எடுத்துட்டு வரச் சொல்றாரு. பரண்மேல ஏறணுமாம்!''