அத்தை கேட்ட சங்கிலி

தலைப்பைப் பார்த்ததும் உங்கள் கை கழுத்துக்குப் போயிருக்கும். போகட்டும், அது இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கட்டும். நான் சொல்ல வந்த சங்கிலி தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, வெறும் உருக்குதான். அதைக் கழுத்தில் போட்டுக் கொள்ள முடியாது. மரத்தின் கழுத்தை அறுக்கலாம்!

மரம் அறுக்கும் மெஷின் என்று தெருவில் சொல்கிறோமே, கடைக்காரர்கள் 'செயின் சா' என்கிறார்களே, அந்த இயந்திரத்தின் பல்வரிசைதான் இந்தச் சங்கிலி. நீண்ட நாக்குப் போல் ஓர் உருக்குப் பட்டை. அதன் விளிம்பைச் சுற்றி விர்ரென்று ஓடும் பற்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் தெருவுக்குத் தெரு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, அதன் இரைச்சலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். என் அத்தையும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தாள், 2018 நவம்பர் 16-ஆம் தேதி பொழுது விடிகிற வரையில்.

அத்தைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிறு தென்னந்தோப்பு. கஜா புயல் அன்று அதிகாலையில் கரையேறியது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் விழுந்தன. அத்தையின் தோப்பில் நின்றவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மாமா காலமான பிறகு அந்தத் தோப்புதான் அவளுக்கு மாதச் சம்பளம். கிடக்கிற மரங்களை அப்புறப்படுத்தினால்தான் புதுக் கன்று வைக்க முடியும். கூலிக்கு ஆள் கிடைக்காத நேரம். பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேரும் அத்தையுமாகக் கூட்டுச் சேர்ந்து ஒரு பெட்ரோல் ரம்பம் வாங்கினார்கள். எதிர்வீட்டுப் பையன் அதை ஓட்டினான். இருபத்திரண்டு வயசு, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சில வாரத்துக்குள் சங்கிலி பல்லை இளித்துவிட்டது.

அத்தை எனக்கு டெலிபோன் செய்தாள்.

"ஏம்மா, பட்டணத்துல ஒரு செயின் வாங்கி அனுப்பு. பதினெட்டு அங்குலம்."

"பதினெட்டு அங்குலம் சரி, அத்தை. மத்த அளவெல்லாம்?"

"மத்த அளவுன்னா?"

வர்தா சமயத்தில் மரம் அறுப்பவர்களைப் பற்றி எழுதுவதற்காக இரண்டு நாள் அவர்கள் பின்னால் அலைந்திருக்கிறேன். அதனால்தான் கேட்டேன். விளக்கிச் சொன்னதும் அத்தை ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அதானே பார்த்தேன்! இங்கே ஒரு கடையிலே, 'கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இழுத்து மாட்டிக்கலாம்'னு ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். அந்தப் புள்ளை கையிலே இல்லே ஓடப் போவுது!" என்றாள்.

அத்தை பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டவில்லை. ஆனால் இந்த விஷயத்தின் உயிர் எது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. முழு வேகத்தில் அந்தச் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தடம் மாறினாலோ, அறுந்தாலோ, எதிரே இருப்பது ஓட்டுகிறவனின் கையும் தொடையுந்தான்.

குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போகிறீர்கள். "ஐந்து லிட்டர்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் விடுகிறாரா? என்ன கம்பெனி, மூடி உள்ளே போவதா, மேலே மூடுவதா என்று கேட்கிறார். வளையல் கடையில் இரண்டு-நாலா, இரண்டு-ஆறா என்று சொல்லாமல் வாங்குகிறோமா? இதுவும் அந்த ரகந்தான். 'பதினெட்டு அங்குலம்' என்பது பட்டையின் நீளம். சங்கிலியின் அளவே அல்ல. அதே 18 அங்குலப் பட்டைக்கு 62 அடிப்பல் உள்ள சங்கிலியும் உண்டு, 66, 68, 72, 74 உள்ளவையும் உண்டு. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

அடிப்பல் என்று நான் சொல்வது, சங்கிலியின் கீழ்ப்புறம் முக்கோணமாக நீட்டிக் கொண்டிருக்கும் கண்ணி. கடையில் 'டிரைவ் லிங்க்' என்பார்கள். மரத்தைக் கடிப்பது மேற்பல். பட்டையின் பள்ளத்தில் உட்கார்ந்து சங்கிலியை ஓட்டிச் செல்வது அடிப்பல். இதை எண்ணுவது முதல் காரியம். அத்தை சங்கிலியைக் கழற்றி, பழைய புடவைத் துணியால் பிசுக்கைத் துடைத்து, ஓர் அடிப்பல்லில் சிவப்பு நூல் கட்டி, பூத்தொடுக்கிறவள் கண்ணி எண்ணுவது போல் எண்ணினாள். மூன்று தரம். மூன்று தரமும் 72.

இரண்டாவது, 'பிட்ச்'. கண்ணிகளைச் சேர்க்கும் ஆணிகளுக்கு இடையேயுள்ள தூரம். அடுத்தடுத்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே அளந்தால் ஏமாந்து போவீர்கள். இடைவெளி ஒன்று விட்டு ஒன்று வேறுபடலாம். அதனால் முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாவது ஆணியின் நடு வரை அளந்து, பாதியாக்க வேண்டும். அத்தை தையல் மெஷின் டிராயரிலிருந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாள்: பதினாறரை மில்லிமீட்டர். பாதி, எட்டேகால். கடைக்காரர் பாஷையில் அது .325 அங்குலம். பத்தொன்பது மில்லிமீட்டர் வந்திருந்தால் 3/8 அங்குலம். இந்த 3/8-இலும் ஒரு வில்லங்கம்: சாதாரண 3/8 வேறு, சிறிய ரம்பங்களுக்கான 'லோ புரொபைல்' 3/8 வேறு. பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றின் பல்சக்கரத்தில் மற்றது ஒழுங்காக உட்காராது.

மூன்றாவது, 'கேஜ்'. அடிப்பல்லின் கனம். .043, .050, .058, .063 அங்குலம் என்று நாலு அளவுகள் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன, மில்லிமீட்டரில் 1.1, 1.3, 1.5, 1.6. பார்த்தீர்களா, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை! எவ்வளவு நல்ல கண்ணுக்கும் அது தெரியாது. பள்ளத்தைவிடக் கனமான சங்கிலி உள்ளேயே போகாது, அதனால் ஆபத்தில்லை. மெல்லியதுதான் பொல்லாதது. சுலபமாக உட்கார்ந்துவிடும். ஓடும்போது பள்ளத்துக்குள் இப்படியும் அப்படியும் சாய்ந்து, வெட்டுக் கோணிப் போய், கடைசியில் பட்டையை விட்டே குதித்துவிடும். 'இழுத்து மாட்டிக்கலாம்' என்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. சங்கிலியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அதன் கனம் கூடப் போவதில்லையே!

இந்த எண்களைப் பெரும்பாலும் பட்டையிலேயே, மெஷினோடு சேரும் அடிப்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். எண்ணெயும் மரத்தூளும் அப்பி மறைந்திருக்கும். அத்தை புளியங்கொட்டை அளவு சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்து வாசித்துச் சொன்னாள்: .325, .058, 72. தான் எண்ணினதும் அதுவுமே ஒத்துப் போனதில் அவளுக்குப் பரம திருப்தி. எழுத்து அழிந்து போயிருந்தால், வெர்னியர் காலிபர் என்ற அளவுக் கருவி வைத்திருக்கும் மோட்டார் ரிப்பேர்க் கடையில் கேஜை அளந்து தரச் சொல்லலாம். பழைய சங்கிலியையே கையோடு கடைக்கு எடுத்துப் போவது இன்னும் உத்தமம். ஒன்று மட்டும்: அந்தப் பழையது முதலிலேயே தவறாக மாட்டப்பட்டதாக இருக்கலாம். பட்டை சொல்வதும் சங்கிலி சொல்வதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்று எண்களோடு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். எண்களைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் நாலாவதாக ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன மரம்மா?"

"தென்னை, ஐயா. புயலில் விழுந்தது. மணலில் கிடக்கிறது."

"அப்ப இதை எடுத்துக்காதீங்க" என்று ஒரு பெட்டியை ஒதுக்கி வைத்தார்.

மேற்பல்லில் இரண்டு ஜாதி உண்டு. மூலை சதுரமாக, கூராக முடிவது ஒன்று. 'ஃபுல் சிசல்' என்று பெயர். சுத்தமான மரத்தில் பாய்ந்து செல்லும். மண்ணையோ மணலையோ தொட்டால் அந்தக் கூர் மூலைதான் முதலில் போகும். மற்றது மூலை சற்று உருண்டிருப்பது, 'செமி சிசல்'. வேகம் கொஞ்சம் மட்டு. ஆனால் அழுக்கு மரத்திலும் காய்ந்த மரத்திலும் வெகுநேரம் தாக்குப் பிடிக்கும். தென்னையோ வெளிப்புறத்திலும் அடிமரத்திலும் இரும்பாக இறுகியிருப்பது. எந்த ரம்பத்தையும் சீக்கிரம் மழுக்கிவிடும். அதோடு கடலோர மணல் வேறு! அத்தையின் முதல் சங்கிலி ஏன் அத்தனை விரைவில் பல்லை இளித்தது என்பது எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பட்டையின் நுனியில் மேல்பாதி மரத்தில் முட்டினால் ரம்பம் சட்டென்று ஓட்டுகிறவன் முகத்தை நோக்கி எகிறும். அந்த உதைப்பைக் குறைப்பதற்கென்றே, பற்களுக்கு நடுவே மேடான கண்ணிகள் வைத்த சங்கிலிகள் இருக்கின்றன. தொழில்காரர்கள் 'வேகம் போதாது' என்று அவற்றை ஒதுக்குவது உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அதுதான் என்பது என் அபிப்பிராயம். அத்தைக்கும் அதையே வாங்கினேன், ஒன்றுக்கு இரண்டாக. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் பல்சக்கரம் சமமாகத் தேயும். அந்தச் சக்கரத்தையும் இரண்டு சங்கிலிக்கு ஒரு தரம் புதிதாக மாற்ற வேண்டுமாம். தேய்ந்த சக்கரம் புதுச் சங்கிலியையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும். இந்த மாதிரி மாமியார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்!

இந்தப் பல்லின் பூர்வோத்தரம் ருசிகரமானது. முன்னெல்லாம் சங்கிலி ரம்பத்தின் பல் கைரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தது. ஓயாமல் அரம் போட வேண்டும். 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து போகும் ஒரு வண்டின் புழுவை உட்கார்ந்து கவனித்தார். அது தாடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்துத் தின்று கொண்டே போயிற்று. அதைப் பார்த்து இடப்பல், வலப்பல் என்று வளைந்த பற்களை மாற்றி மாற்றிக் கோத்தார். இன்றைய சங்கிலிகள் அந்தப் புழுவின் வாரிசுகள். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து டாக்டர்கள் கையால் இழுக்கும் சிறு சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்திருந்தார்கள். எதற்குத் தெரியுமா? சிக்கலான பிரசவத்தில் தாயின் இடுப்பு எலும்பை அறுத்து வழி செய்வதற்கு! நாம் பிந்திப் பிறந்தோம், பிழைத்தோம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா, தீட்டினால் போதாதா? ரம்பத்தின் கீழே விழுவதைப் பாருங்கள். சிராய் சிராயாக விழுந்தால் பல் நன்றாயிருக்கிறது. கோதுமை மாவு போல் விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கினதைத் தீட்டலாம்; .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் கேளுங்கள். பல சங்கிலிகளில் பல்லின் மேல் ஒரு சாய்ந்த கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வரை தேய்ந்துவிட்டாலோ, பல் உடைந்தாலோ, கண்ணியில் விரிசல் கண்டாலோ தயவு தாட்சண்யம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது இயந்திரத்தை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறையோடு மாட்ட வேண்டும். பட்டையின் மேல்புறத்தில் வெட்டும் முனைகள் நுனியை நோக்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி கீழே தொங்கவும் கூடாது. கையால் இழுத்தால் நகராமலும் இருக்கக் கூடாது. புதுச் சங்கிலி முதல் சில நிமிஷ ஓட்டத்திலேயே தளரும்; நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கி அப்படியே வைத்துவிட்டால், ஆறினதும் சுருங்கிக் கொண்டு பட்டையைப் பிடித்துவிடும்.

அத்தை இப்போது அந்த மூன்று எண்களையும் பால் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். கழற்றிப் போட்ட பழைய சங்கிலியை மட்டும் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் வீசிவிடாதீர்கள். மழுங்கினாலும் பல் பல்தான். அவர் வெறுங்கையால் எடுப்பார். கெட்டிச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.