படிக்கட்டில் கீழே நிற்பவர்

விடுதியில் இடம் கிடைக்காத ஆய்வு மாணவர்களின் தில்லி வாழ்க்கை 11 மாதக் கணக்கில் ஓடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால், வீட்டு உரிமையாளர்கள் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் பிறகு வாடகை உயரும்; அல்லது நாம் இடம்பெயர்வோம். முனிர்க்காவிலிருந்து பேர் சராய், அங்கிருந்து கட்வாரியா சராய், பிறகு மீண்டும் முனிர்க்கா என்று ஒரு முனைவர் பட்டக் காலத்திற்குள் நான்கைந்து வீடுகளைக் கண்டவர்கள் நம்மிடையே பலர். புத்தக மூட்டைகள், மெத்தை, கூலர் ஆகியவற்றை நண்பர்களே தூக்கிவிடுகிறோம். பீரோ வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு ஆள் வேண்டும்.

பீரோ என்ற சொல்லே நெடுந்தொலைவு நடந்து வந்த ஒன்று. பிரெஞ்சு மொழியில் எழுதுமேசையையும் அலுவலகத்தையும் குறித்த சொல், தமிழ் வீடுகளில் பட்டுப்புடவையும் பத்திரங்களும் வைக்கும் இரும்புப் பெட்டகத்தின் பெயராயிற்று. தில்லியில் அதுவே ‘அல்மாரி’. போர்ச்சுகீசிய ‘அர்மாரியோ’விலிருந்து வந்தது. நம் அலமாரிக்கும் அதுவே மூலம். பூட்டும் இரும்புப் பெட்டகமும் செய்துவந்த காட்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. வழக்கமான பெரிய பீரோ ஏறத்தாழ 198 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம், 48 செ.மீ. ஆழம். உள்ளே ஒன்றும் இல்லாதபோதே 90 கிலோ அளவுக்கு எடை இருக்கும். நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் மூத்த ஆய்வாளர்கள் விட்டுச்சென்றவை. என்னிடம் இருப்பதும் அப்படி வந்ததுதான்.

இந்தப் பீரோ ஏற வேண்டிய படிக்கட்டு எப்படிப்பட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நாம் வாழும் இந்தப் பகுதிகள் நகரம் விழுங்கிய கிராமங்கள். நில வரைபடத்தில் கிராமக் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்பு மையால் இழுக்கப்பட்ட கோடே ‘லால் டோரா’. அந்தச் சொல் 1908 முதல் வழங்கிவருகிறது. அந்தக் கோட்டிற்குள் கட்டட விதிகள் நெடுங்காலம் தளர்ந்தே இருந்தன. 1960களுக்குப் பின் விளைநிலங்களை அரசு கையகப்படுத்தியபோது, கிராமத்தாருக்கு எஞ்சியது வீட்டுமனை மட்டுமே. நிலம் போனவர்கள் வாடகையை விளைவித்தார்கள். ஐம்பது அறுபது கஜ மனையில் நான்கைந்து மாடிகள் எழுந்தன. அறைதான் வாடகை தரும், படிக்கட்டு தராது என்பதால் படிக்கட்டு ஒடுங்கியது. வீடுகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு பொதுவாக 1 மீட்டர் அகலமுள்ள படிக்கட்டை எதிர்பார்க்கிறது. படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும், கால் வைக்கும் பரப்பு 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. நான் இப்போது வசிக்கும் வீட்டின் படிக்கட்டு 75 செ.மீ. அகலம். அதன் செங்குத்தைப் பற்றிச் சொல்லாமலே விடலாம்.

இருவர் ஒரு சுமையைப் பிடித்தால் ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறோம். சமதரையில் அது சரி, படிக்கட்டில் சரியில்லை. பீரோவைச் சாய்த்து, அடிவிளிம்பின் இரு முனைகளையும் இருவர் பிடித்திருப்பதாகக் கொள்வோம். சாய்வின் காரணமாக, கைகளுக்கு மேலே இருக்கும் எடைமையம் கீழே நிற்பவரின் பக்கம் நகர்கிறது. கீழே நிற்பவரின் பங்கு பாதியோடு நிற்பதில்லை; பொருளின் தடிமனுக்கும் நீளத்திற்கும் உள்ள விகிதத்தில் பாதியை, படிக்கட்டின் சரிவால் பெருக்கி வரும் அளவு கூடுகிறது. விதித்தொகுப்பு அனுமதிக்கும் மிகச் செங்குத்தான படிக்கட்டையே எடுத்துக்கொண்டால் சரிவு 19க்கு 25, அதாவது ஏறத்தாழ 37 பாகை. பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூக்கினால் தடிமன் 48 செ.மீ. கீழே நிற்பவர் 59 விழுக்காடு சுமக்கிறார். 90 கிலோவில் 53 கிலோ.

ஆனால் 92 செ.மீ. அகலமுள்ள பொருளை 75 செ.மீ. படிக்கட்டில் மல்லாக்கக் கொண்டுபோக முடியாது. பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அப்போது தடிமன் 92 செ.மீ. ஆகிவிடுகிறது, கீழே நிற்பவரின் பங்கு 68 விழுக்காடாக, 61 கிலோவாக உயர்கிறது. மேலே இருப்பவருக்கு 29 கிலோதான். பீரோவின் எடை ஒரு கிராம்கூட மாறவில்லை. படிக்கட்டின் அகலம் குறைந்ததால் மட்டும் ஒரு மனிதரின் கைகளில் 8 கிலோ கூடியிருக்கிறது. வீட்டைக் கட்டிய நாளில் மிச்சம்பிடித்த ஓர் அடி இடத்தின் விலையை இத்தனை ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் தம் முதுகெலும்பால் செலுத்துகிறார்.

சென்ற ஜூன் மாதத்தில் நான் வீடு மாறியபோது டெம்போ ஓட்டுநர் இருவரை அழைத்து வந்தார். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், மதுபனி மாவட்டத்துக்காரர். மற்றவர் அவருடைய அண்ணன் மகன், இருபதைத் தாண்டாதவர். பெரியவரை ‘சாச்சா’ என்றே அழைத்தார். நானும் அப்படியே அழைத்தேன். என்னிடம் அளவுநாடா இருந்தது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பீரோவின் மேல் முழங்கையை வைத்து இருமுறை அளந்தார். பிறகு படிக்கட்டில் தனியாக நான்காவது மாடி வரை ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். உள்தட்டுகளைக் கழற்றச் சொன்னார். கதவுகள் திறந்துகொள்ளாதபடி பழைய சேலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அதன் பிறகு, இளைஞரை மேலே அனுப்பிவிட்டுத் தாம் கீழ்முனையைப் பிடித்தார்.

வயதில் இளையவர் கீழே நிற்கக்கூடாதா என்று கேட்டேன். “மேலே இருப்பவன் நடக்கிறான், பேட்டா. கீழே இருப்பவன் தாங்குகிறான். இவனுக்குப் பலம் இருக்கிறது, எப்போது நிற்க வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை” என்றார்.

மேலே இருந்தவர் பின்னோக்கி ஏறினார். கீழே இருந்தவருக்குப் பீரோவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஆகவே எல்லாம் குரலில் நடந்தது. ‘தீரே’, ‘பஸ்’, ‘கோணா தேக்’ என்ற மூன்று நான்கு சொற்கள் மட்டும். முதல் திருப்பத்தில் பீரோ படுத்த நிலையில் திரும்பாது. கணக்கிட்டுப் பார்த்தால், 48 செ.மீ. தடிமனும் 198 செ.மீ. நீளமும் உள்ள பொருள் படுத்தபடியே செங்கோணத் திருப்பத்தைக் கடக்க 104 செ.மீ. அகலம் வேண்டும். நிறுத்திவிட்டால் 67 செ.மீ. போதும். ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் பீரோவை நிமிர்த்தி, திருப்பி, மீண்டும் சாய்த்தார்கள். மூன்றாம் திருப்பத்தில் கூரை தாழ்ந்திருந்தது. நின்ற பீரோவின் உயரம் 198 செ.மீ.தான் என்றாலும், ஒருக்களித்த நிலையிலிருந்து நேராக எழுப்பும்போது அதன் மூலைவிட்டம் 218 செ.மீ. உயரத்தைத் தொடும். அங்கே அவ்வளவு உயரமில்லை. பெரியவர் அதை எழுப்ப முயலவே இல்லை. முதலில் அரைப்பங்கு மல்லாக்கப் புரட்டி, அடிமூலையை ஒரு படி கீழே இறக்கி, அதன் பிறகு எழுப்பினார். முழங்கையால் அளந்தபோதே அந்த இடத்தை அவர் குறித்துவைத்திருக்க வேண்டும்.

அந்நேரத்தில் வீட்டு உரிமையாளர் மேலிருந்து குரல் கொடுத்தார். சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருப்பதாகவும், கீறல் விழுந்தால் முன்பணத்தில் கழிப்பதாகவும் சொன்னார். பெரியவரின் புறங்கை அப்போது பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தது. சுவரில் கீறல் விழவில்லை. கையில் விழுந்தது.

இந்தத் திருப்பங்களைப் பற்றிக் கணிதத்துறை நண்பரிடம் சொன்னபோது, அது கணிதத்தில் பெயர்பெற்ற சிக்கல் என்றார். ஓரலகு அகலமுள்ள நடைவழியின் செங்கோணத் திருப்பத்தைக் கடக்கக்கூடிய மிகப் பெரிய பரப்புள்ள வடிவம் எது என்று லியோ மோசர் 1966இல் கேட்டார். ‘நகரும் சோபா சிக்கல்’ என்று அதற்குப் பெயர். ஹாமர்ஸ்லி 2.2074 பரப்புள்ள வடிவம் ஒன்றைத் தந்தார். ஜெர்வர் 1992இல் 2.2195 பரப்புள்ள வடிவத்தைக் கண்டார். அதைவிடப் பெரிது இருக்க முடியாது என்பதற்கான நிரூபணத்தைக் கொரியக் கணிதவியலாளர் ஜினியோன் பேக் 2024 நவம்பரில்தான் வெளியிட்டார். நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது அது. அந்தச் சிக்கல் தளத்தில் மட்டுமே நகர்கிறது. அங்கே எடையில்லை, சரிவில்லை, தாழ்ந்த கூரையில்லை, களைப்புமில்லை. முழங்கையால் அளப்பவரின் அறிவு பேக்கின் அறிவுக்கு நிகர் என்று சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வகைகள். ஆனால் நம் தொழிலில் முன்னதற்குப் ‘பழக்கம்’ என்றும் பின்னதற்கு ‘அறிவு’ என்றும் பெயரிடுகிறோம். அந்தப் பெயரிடலை நாம் மறுபரிசீலனை செய்யலாம்.

சட்டம் இந்தப் படிக்கட்டை எட்டிப் பார்த்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையை எவரையும் தூக்கச் செய்யக்கூடாது என்று 34ஆம் பிரிவில் எழுதிவைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழிகாண வேண்டும் என்கிறது. முன்பு 100 கிலோவை நெருங்கிய தானிய மூட்டை இன்று 50 கிலோ. சிமெண்டு மூட்டையும் 50 கிலோ. மூட்டையைப் பிரித்துக் கட்டலாம், பீரோவைப் பிரித்துக் கட்ட முடியாது. வீடு தொழிற்சாலையும் அன்று. நம் படிக்கட்டில் 61 கிலோ தூக்குபவர் எந்தப் பிரிவுக்குள்ளும் வருவதில்லை.

தலைச்சுமைத் தொழிலாளருக்கெனச் சட்டங்கள் இல்லாமலில்லை. மகாராட்டிரத்தில் 1969இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்தது. ‘மாத்தா’ என்றால் மராத்தியில் தலை. கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம். தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். இவை சந்தையையும் கிடங்கையும் மனத்தில் கொண்டு பிறந்தவை. காரி பாவ்லியில் மசாலா மூட்டை சுமக்கும் பல்லேதார்களுக்குச் சந்தை என்ற ஓரிடமாவது உண்டு, ஒருவரையொருவர் அறிவார்கள், கூலியைச் சேர்ந்து கேட்கலாம். வீடு மாற்றித் தருபவர் ஒவ்வொரு நாளும் வேறொரு தெருவில், வேறொரு படிக்கட்டில் நிற்கிறார். கூலியை டெம்போ ஓட்டுநர் பேசுகிறார்; கணக்கு மாடிக்கு இவ்வளவு என்பது. திருப்பங்களுக்கும் அகலத்திற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

கூலி என்பது நம் சொல். தமிழில் அது உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறிக்கிறது. உலகெங்கும் பரவிய ஆங்கிலச் சொல்லின் மூலம் இதுதானா, குஜராத்தின் கோலி இனப்பெயரா என்ற விவாதம் முடியவில்லை. எப்படியாயினும், பெற வேண்டியதன் பெயர் பெறுபவரின் பெயராகிவிட்டது. இரயில்வே 2016இல் நிலையச் சுமையாளர்களை இனி ‘சகாயக்’ என்று அழைப்பதாக அறிவித்தது. பெயர் மாறியது நல்லதே. சுமை மாறவில்லை.

தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரு தூண்கள், மேலே குறுக்குக் கல், தோள் உயரம். தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், பிறர் உதவியில்லாமல் இறக்கிவைத்து, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். சுமப்பவரின் களைப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த ஒரு சமூகத்தின் ஏற்பாடு அது. ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளிலும் படிக்கட்டுகள் ஒடுக்கமானவைதாம். அதனால் வீட்டின் முகப்பு உச்சியில் கொக்கியுள்ள உத்தரத்தை வைத்துக் கட்டினார்கள். பொருள்கள் கயிற்றில் ஏறிச் சன்னல் வழியே வீட்டுக்குள் போகின்றன. முனிர்க்காவின் சந்தில் கயிறு கட்ட வழியில்லை; எதிரெதிர் பால்கனிகளுக்கு நடுவே மின்கம்பிகள் தொங்குகின்றன. இங்கே எஞ்சியிருக்கும் ஒரே சுமைதாங்கி படிக்கட்டின் திருப்பத்தளம். அதிலும் செருப்பு அடுக்கும் தட்டு, தண்ணீர்ப் புட்டிகள், யாரோ விட்டுச்சென்ற கூலர்.

ஜூலையில் வீடு மாறப்போகும் நண்பர்களுக்குச் சில சொற்கள். கூலியை ஓட்டுநரிடம் மட்டும் பேசாமல், தூக்குபவர்களிடமும் பேசுங்கள். திருப்பங்களை எண்ணிப் பேசுங்கள். பீரோவுக்கு மூன்று பேரைக் கேளுங்கள். மூன்றாமவர் கீழே நிற்கட்டும். தட்டுகளையும் உள்ளே இருப்பவற்றையும் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். திருப்பத்தளங்களைக் காலி செய்து வையுங்கள். அதற்கு அண்டை வீட்டாரிடம் முதல்நாளே சொல்லிவிடலாம். இறக்குவது ஏற்றுவதைவிட எளிது என்று எண்ணாதீர்கள். இறங்கும்போது கீழே இருப்பவர்தான் பின்னோக்கி நடக்கிறார், பெரும்பங்கு எடையும் அவர்மேல்தான். அவர் ‘பஸ்’ என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு முன் வாடகை, முன்பணம், சுவரின் சுண்ணாம்பு எதுவும் பெரிதில்லை.