பூலாய் மலையின் தண்ணீர்

ஜொகூரின் பூலாய் மலையில், அதாவது குனோங் பூலாயில், ஏறுகிறவர்களில் பலருக்கு உச்சிதான் கணக்கு. உயரம் 654 மீட்டர். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும் முகடுவரை தார்ச்சாலையே போகிறது. விடியலில் ஏறத் தொடங்கினால் உச்சியில் படமெடுத்துக்கொண்டு மதியத்துக்குள் இறங்கிவிடலாம். எனக்கு இந்த மலையில் பிடித்ததெல்லாம் கீழேதான் இருக்கிறது. காட்டுக்குள் தேங்கி நிற்கும் நீரும் அதைத் தாங்கும் அணைகளும் ஒரு பக்கம். இந்த மலையை வந்து சேராமலே அழிந்துபோன ஒரு ரயில்பாதையின் கதை இன்னொரு பக்கம். அதனால் எங்கள் நடைக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அடிவாரத்துக்கே கொடுத்தது.

ஸ்கூடாயில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். பல்கலைக்கழக மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வார இறுதியில் மட்டும் ஓய்வு கிடைக்கும் தொழிற்சாலை ஊழியர்கள் என்று கலவையான கூட்டம். முன்னால் நடந்தவர் எழுபதைக் கடந்த ஓர் ஐயா. லாயாங் லாயாங் பக்கம் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய தாத்தா தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் இருந்தவர்.

மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ஓடியது என்றுதான் பள்ளியில் படித்தோம். அதற்கு முன்பே, 1869-இல், ஜொகூரின் மகாராஜா அபு பக்கார் ஒரு பாதை போடத் தொடங்கினார். ஜொகூர் பாருவிலிருந்து இந்தப் பூலாய் மலைவரை போகவேண்டிய பாதை அது. தண்டவாளமே மரம். இரும்பை இறக்குமதி செய்வதைவிடக் கையருகே இருந்த காட்டு மரம் மலிவாகத் தெரிந்திருக்கும். கொஞ்ச தூரம் போட்டார்கள், வண்டியும் ஓடியது. பிறகு ஈரமும் கரையானும் மரத்தைத் தின்ன, திட்டம் கைவிடப்பட்டது.

இதை நான் சொன்னதும் ஐயா நின்றுவிட்டார். "தம்பி, செங்கால் மரத்துல அறுத்த ஸ்லீப்பர் கட்டையையே தாத்தா மாத்திக்கிட்டே இருப்பாராம். தண்டவாளமே மரம்னா இந்த மழையில எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. வேலை தெரிந்தவரின் வருத்தம் இருந்தது.

இரும்புப் பாதை ஜொகூர் பாருவை எட்டியது 1909-இல். அது கிழக்கே லாயாங் லாயாங், கூலாய், செனாய் என்று ரப்பர் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு போனது. பூலாய் மலைக்கு ரயில் வரவே இல்லை. மலையிலிருந்து ஊருக்குக் கிளம்பியது தண்ணீர்தான்.

ஓடையோரத்துப் பாதையில் அட்டைகள் தாராளம். காலுறைக்குள் புகையிலைத் தூள் போட்டு வந்த ஆசிரியை ஒருவர் எல்லோருக்கும் அதைப் பங்கிட்டார். ஓடையின் நடுவே வீடளவு பாறைகள் கிடக்கின்றன. 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே, ஏறக்குறைய ஒன்றரை டிகிரியில், புயல் உருவாகாது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த மழையில் இந்த மலையின் சரிவு பாறைகளோடு பெயர்ந்து கீழே வாழ்ந்தவர்களின் உயிரைக் கொண்டுபோனது. காட்டுக்குள் போக அனுமதியும் மலை வழிகாட்டியும் வேண்டும் என்றால் இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்த விதிகளில் ஒன்றும் மிகையாகத் தெரியவில்லை.

மரங்கள் விலகி, வேலிக்கு அப்பால் நீர்த்தேக்கம் தெரிந்தபோது பேச்சு தானாக நின்றது. கரும்பச்சை நீர், கரைவரை இறங்கிவந்த காடு. அணையின் முகம் முழுக்கப் புல். பக்கத்து மேட்டைப் போலவே இருப்பதால், சொன்னால்தான் மனிதர் கட்டியது என்று தெரிகிறது. நாங்கள் அதிக நேரம் இருந்தது அங்கேதான்.

1927-இல் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராண்மைக் கழகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த நீர் இது. சிங்கப்பூர் இங்கே 2,100 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 30 காசு. எடுத்த தண்ணீருக்குத் தனி விலை இல்லை. 1961 ஒப்பந்தத்தில்தான் ஆயிரம் கேலனுக்கு 3 காசு என்று வந்தது. இந்த விலையைப் பற்றி இரு கரைகளிலும் பேசித் தீரவில்லை. நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். மலையைச் சுற்றி எங்கும் செம்பனை. மலைச்சரிவில் மட்டும் காடு நிற்கிறது என்றால், இது குடிநீர்ப் பிடிப்புப் பகுதி, கோடரி படக்கூடாது என்று பல தலைமுறைகளாகக் காத்ததுதான் பெரிய காரணம். காட்டை நம்பி அணை இருக்கிறது. அணையின் பெயரால் காடு பிழைத்திருக்கிறது.

இங்கிருந்து கிளம்பிய குழாய் 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் மேல், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூருக்குள் போனது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துப் பிளந்தபோது குழாயும் அறுந்தது. அதற்குப் பிறகு தீவுக்கு அதன் சொந்த நீர்த்தேக்கங்கள்தான். குண்டுவீச்சில் நகரக் குழாய்களும் உடைந்து, தண்ணீர் தீரும் நிலையில், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது.

"அதுக்கப்புறம்தான் தாத்தாவோட தம்பியைச் சயாமுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க" என்றார் ஐயா. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களில் பெரும்பான்மை தோட்டத் தமிழர்கள். தாத்தாவின் தம்பி திரும்பவில்லை. மாணவர்களில் ஒருத்தி அவர் பெயரைக் கேட்டுத் தன் கைபேசியில் எழுதிக்கொண்டாள். அது எனக்குச் சரியான செயலாகப் பட்டது. மலாயாவின் ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் மண்வெட்டி வேலைக்குப் பெரிதும் நம்பியிருந்தது தமிழர்களை. ஒப்பந்தங்களில் சுல்தானும் கழகமும் கையெழுத்திட்டார்கள். தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்தவர்களின் பெயர் இப்படிப் பேரப்பிள்ளைகளின் வாயில்தான் மிஞ்சியிருக்கிறது. அவர்களும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் தாமதிக்க நேரமில்லை.

2011 ஆகஸ்ட் 31 அன்று 1961 ஒப்பந்தம் முடிந்தது. பூலாய், ஸ்கூடாய் நீர் நிலையங்களைச் சிங்கப்பூர் ஜொகூரிடம் ஒப்படைத்தது. ஜொகூர் ஆற்றுக்கான 1962 ஒப்பந்தம் 2061வரை நடப்பில் இருக்கும்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைசி வளைவில் ஒதுங்கக் கொட்டகை எதுவும் இல்லை. செம்பனைக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கேதான் அடுத்த நடை முடிவானது. ஸ்கூடாய் நெடுஞ்சாலையோரம் இன்றும் தெரிகிற குழாய் வரிசையை ஒட்டி, ஜொகூர் பாரு ரயில் நிலையம்வரை போவது. வெயிலும் லாரிப் புகையும் நிறைந்த நடை. படமெடுக்க அழகான இடம் ஒன்றும் இருக்காது. ஐயா உடனே சம்மதித்தார். லாயாங் லாயாங்கில் தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு கேங் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துவருவதாகச் சொன்னார்.