யாருக்கு வடிவு?

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவன் ஒருவன் கிரான் சந்தியில் என்னைக் கண்டதும் கேட்டான்: "டீச்சர், ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வெச்சன். 'லவ்லி' எண்டாங்க. ஒரு வாய் குடிக்கவே இல்ல, அதுக்குள்ள எப்பிடி?"

ஆங்கிலம் படிப்பிக்கிறவளுக்கு இதைவிட நல்ல கேள்வி வராது. அந்த அம்மா தேத்தண்ணியின் ருசியைச் சொல்லவில்லை. கொண்டுவந்து வைத்தது தனக்குச் சந்தோஷம் என்றார். பிரித்தானியர் வாயில் அந்தச் சொல் பாதி நன்றி.

1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இந்த வாவிக்கரையில் ஆங்கிலம் படிப்பிக்கிறோம். இருந்தும் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஊர், அம்மா, பள்ளிக்கூடம் எல்லாமே 'பியூட்டிஃபுல்'. மனப்பாடம் செய்த சொல் அது. லவ்லியை நான் விரும்பிப் படிப்பிக்கக் காரணம், அது பார்த்தவரின் பிரியத்தையும் சேர்த்துச் சொல்வதுதான். 'லவ்' உள்ளேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அன்பான என்பதே அதன் பொருள். அழகு பிறகு வந்து சேர்ந்தது. அதனால்தான் சாப்பாடு, பின்னேரம், மனிதர் என்று எதற்கும் பொருந்துகிறது.

பிள்ளைகள் இடறுவது கடைசி 'லி'யில். ஸ்லோலி, குவிக்லி போல நினைத்து 'ஷீ சிங்ஸ் லவ்லி' என்று எழுதிவிடுவார்கள். நம்முடைய 'வடிவா'வும் அதற்குத் துணை போகிறது: வடிவாப் பாடினாள், வடிவாப் பாருங்க. ஆனால் லவ்லி வினையோடு ஒட்டாது. 'ஷீ ஹாஸ் எ லவ்லி வாய்ஸ்' என்று குரலோடுதான் சேர்க்க வேண்டும். ஃபிரெண்ட்லி, லோன்லி எல்லாம் இதே சாதி.

வகுப்பில் மேசைமேல் ஒரு தயிர்ச்சட்டியை வைப்பேன். எருமைத் தயிர், தடித்த ஆடை, சட்டியின் வெளிப்புறத்தில் ஈரம் கசிந்த கறுப்பு. 'எ லவ்லி பிக் கிளே பொட்'. பிரியம் முதலில், அளவு அடுத்தது, மண் கடைசியில் சட்டிக்குப் பக்கத்தில். தமிழில் 'பெரிய வடிவான சட்டி' என்றும் மாற்றிச் சொல்லலாம். ஆங்கிலம் அதற்கு இலேசில் இடம்கொடாது. இன்னொரு நிபந்தனை என்னுடையது: கண்ணால் கண்ட ஒன்றை எழுதிய பிறகுதான் லவ்லி எழுதலாம். ஆடையை எழுது, கசிவை எழுது, பிறகு உன் பிரியத்தைச் சொல்.

மாரியில் கிரான் பாலத்து வீதியை வெள்ளம் மூடினால் அக்கரைக்குத் தோணிதான். இக்கரைப் பிள்ளை ஒருத்தி அந்தத் தண்ணீரை வானத்தின் நிறத்தோடு எழுதி 'லவ்லி' என்று முடித்திருந்தாள். இலக்கணத்தில் குறையில்லை. அக்கரைப் பையன் எழும்பினான்: "எங்கட வேளாண்மை அதுக்குள்ளதான் டீச்சர் கிடக்கு."

அவள் வரியை நான் வெட்டவில்லை. அவள் பார்த்தது உண்மை. அவனுக்கு ஒரு சொல் வேண்டும் என்று அகராதியைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் புரட்டிவிட்டு 'வைட்' என்று எழுதினான். ஏன் என்று கேட்டேன். "வரம்பு தெரியல்ல, அகலம் மட்டும்தான் தெரியுது" என்றான்.